இடக்கை வாள்பிடிகள்

"இது ஆயுதமா?" என்று கேட்டார் லண்டன் விமான நிலையச் சுங்க அதிகாரி.

ராத்திரி முழுக்க ஆகாயத்தில் உட்கார்ந்து வந்தவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. பெட்டிக்குள் பழைய தமிழ்ச் செய்தித்தாள்களில் சுற்றிய இருபத்து நான்கு வாள்பிடிகள். எல்லாம் பித்தளை. அலகு கிடையாது. அலகில்லாத வாளை ஆயுதம் என்பதா, பாத்திரம் என்பதா? "வெறும் பிடிதான், விளையாட்டுக்கு" என்றேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஒன்றை இடது கையில் எடுத்துக் காற்றில் இரண்டு முறை வீசினார். "எனக்காகவே செய்ததுபோல இருக்கிறதே" என்று சிரித்துப் பெட்டியை மூடச் சொன்னார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நான் கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியன். வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் தமிழில் யாப்புத் தவறாத கவிதை. ஒரு பேருந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறிவிட்டு வழியில் பலகை படிக்கிற ஜாதி. அப்படி ஒருநாள் தஞ்சாவூர் அரண்மனை முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது வழி கேட்டு வந்தவர்தான் மார்கரெட். இங்கிலாந்தின் தெற்கில் ஒரு கிராமத்துக்காரர், ஐம்பது வயது. முதலாம் எலிசபெத் ராணி காலத்து வாள்வீச்சைச் சொல்லிக்கொடுக்கிறவர். லண்டன் மியூசியம் ஒன்றில் தஞ்சாவூர்க் குத்துவாள்களைப் பார்த்திருக்கிறார். பிடி தஞ்சாவூர் வேலைப்பாடு. அலகோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பழைய வாளின் துண்டு. "எங்கள் அலகு உங்கள் பிடிக்குள் அத்தனை வசதியாக உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு முறை உட்காராதா?" என்றார். ரேப்பியர் என்று அவர்கள் சொல்லும் மெல்லிய நீள வாளுக்குப் பிடி வார்த்துத் தர ஆள் தேடினார்.

எனக்குச் செல்வராஜைத் தெரியும்.

சுவாமிமலைப் பட்டறைகளில் பன்னிரண்டு வருஷம் கூலிக்கு வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கொட்டகை போட்டவர். மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிற வேலை. கைக்குக் குறைவில்லை. ஆனால் சாமி சிலை செய்யக் கேட்டு வருகிறவர்கள் முதலில் எந்தக் குடும்பம் என்று விசாரிப்பார்கள். செல்வராஜின் அப்பா நெல் அறுத்தவர். அதைச் சொன்னதும் அவர்களுக்கு வேறு எங்கோ அவசர வேலை வந்துவிடும். ஆகவே விளக்கு, மணி, கதவுக் குமிழ். இந்த வாள்பிடிகள்தான் குடும்பம் கேட்காமல் வந்த முதல் பெரிய ஆர்டர்.

இவை பிடித்துப்போனால் அடுத்தது இதைப்போல ஐந்து மடங்கு. இங்கிலாந்து முழுக்க நடக்கும் திருவிழாக்களுக்கு. பிடிக்காவிட்டால் குவைத். அவர் மச்சான் விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தான். பாஸ்போர்ட் பம்பாய் ஏஜென்ட்டிடம் இருந்தது. மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். "இங்கிலீஷ் வாள் வேல நெலச்சுட்டா நான் எதுக்கு சார் குவைத் போறேன்? இங்கயே நெருப்பு, அங்க வேற போய் வேகணுமா?" என்று சிரித்தார். ஒரு ஆளுக்கு மட்டும் மார்கரெட்டின் திருவிழாக் கமிட்டி டிக்கெட் அனுப்பியது. "நீங்க போங்க சார். எனக்கு அங்க வாய் கிடையாது."

நான் அவருடைய வாயாகப் போனேன்.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனவர் ஹபீப் பாய். எங்கள் பக்கத்துக்காரர், குவைத்தில் நான்கு வருஷம் இருந்துவிட்டு லண்டனின் கிழக்கு ஓரத்தில் மளிகைக் கடை போட்டவர். வண்டிக்குள் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"என்ன வாத்தியாரே, இம்மாம் கனம். வெத்தல, சீவல், ஏதாச்சும் வாயில போடுறாப்ல இருக்கும்னு பாத்தா..."

"வாள்பிடி பாய்."

"வாளு எங்க?"

"அது இங்க இருக்கு."

"பிடிய அங்கேருந்து சொமந்துட்டு வந்து இங்க மாட்டப் போறீங்க. நல்லாருக்கு போங்க. நம்மள்ள இத்தன பேரு கைய அங்கேருந்து கொண்டாந்து இங்க மாட்டிக்கல?"

அன்று அவர் கடைக்கு மேல் மாடியில் நல்ல சோறு. அரிசி பாகிஸ்தான், மீன் நார்வே, புளி மட்டும் நம்முடையது. அவர் மனைவி ரசத்தில் கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போடாமல் முழுக்கட்டாகப் போட்டிருந்தார். இங்கே கட்டாகத்தான் வாங்க முடிகிறது, யாருக்காக மிச்சம் வைப்பது என்றார். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார்கள். வரவில்லை என்றேன். சாப்பாடு கொஞ்ச நேரம் மெதுவாக நடந்தது.

வெள்ளிக்கிழமை ரயில். இங்கிலாந்தில் ரயில் தாமதிக்காது என்று நான் இருபது வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். தாமதிக்கவில்லை, இரண்டாகப் பிரிந்தது. ஏதோ ஒரு ஸ்டேஷனில் முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி இன்னொரு பக்கமும் போய்விடுமாம். அதை ஒலிபெருக்கியில் ஒருமுறை, ரகசியம்போல, சொல்லியிருக்கிறார்கள். மாயவரத்தில் வண்டி பிரிந்தால் முறுக்கு விற்கிறவர் முதற்கொண்டு கத்திச் சொல்லிவிடுவார்கள். இங்கே என் எதிரே நாயோடு உட்கார்ந்திருந்த மூதாட்டி முக்கால் மணி நேரம் கழித்துத்தான், என் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துப் பேசினார். "நீங்கள் சரியான ரயிலில்தான் ஏறியிருக்கிறீர்கள். தவறான பெட்டியில் இருக்கிறீர்கள்." இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி, எதிர்ப்பக்கம் போய் நின்றேன். மழை பெய்தது. பெய்கிறது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத மழை.

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியச் சாப்பாடு முடிந்துவிட்டிருந்தது. பெரிய வீடு ஒன்றின் புல்வெளியில் கூடாரங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே எலிசபெத் ராணி காலம் நடக்கப்போகிறது. எனக்கென்று ஒரு மண் கிண்ணத்தில் பட்டாணிக் கடைசல் எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஏழைகளின் சாப்பாடாம். நம் பருப்புக் கடைசலைத் தாளிக்க மறந்து, உப்பையும் மறந்து, அடுப்பையும் பாதியில் அணைத்துவிட்டால் அப்படி இருக்கும். உருளைக்கிழங்கு இல்லையா என்றேன். அந்தக் காலத்துச் சாதாரண ஜனங்களுக்கு அது தெரியாது என்று கிண்ணம் கொடுத்த பெண் கண்டிப்பாகச் சொன்னார். அவர் இடுப்பில் கார் சாவி தொங்கியது.

மார்கரெட் வந்து பெட்டியைத் திறந்தார். முதல் பிடியை எடுத்ததும் முகம் மலர்ந்தது. செல்வராஜின் கை அப்படி. நான்கு கம்பிகள் கொடிபோல வளைந்து, ஒன்றோடொன்று பேசிவிட்டு, விரல்களைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்கின்றன. ஒட்டிய இடம் தெரியாது, ஒட்டவே இல்லை, ஒரே வார்ப்பு. இரண்டாவதை எடுத்தார். வலது கைக்குள் நுழைத்தார். வெளியே எடுத்தார். மறுபடி நுழைத்தார்.

பிறகு மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றாக இரண்டு வரிசையில் பிரித்தார். இந்தப் பக்கம் பன்னிரண்டு. அந்தப் பக்கம் பன்னிரண்டு.

"இவை இடது கைக்கு" என்று ஒரு வரிசையைக் காட்டினார்.

எனக்குப் புரியவில்லை. அவர் பழைய வாள் ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். சுட்டுவிரலைக் குறுக்குக் கம்பிக்கு மேலே போட வேண்டும். அப்போது வளைந்த கம்பிகள் புறங்கையை மூடிக்கொள்ளும்; உள்ளங்கைப் பக்கம் அவ்வளவு காவல் தேவையில்லை. எதிராளியின் முனை தேடுவது புறங்கையைத்தான். நான் கொண்டுவந்ததில் பாதியை வலது கையில் பிடித்தால் கம்பிகளெல்லாம் உள்ளங்கைப் பக்கம் போய்விடும். புறங்கை வெறுமையாக நிற்கும். "இதைப் பிடித்துக்கொண்டு நின்றால் மழுங்கிய வாள்கூட விரலை உடைத்துவிடும்" என்றார். அவரிடம் வாள் பழகுகிறவர்களில் இடக்கைக்காரர்கள் இரண்டே பேர்.

கமிட்டிக்காரர்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். தலைவர் பல் டாக்டர், ஓய்வுபெற்றவர். மழையிலும் கஞ்சி போட்டு விறைத்த பெரிய கழுத்துப்பட்டி அணிந்திருந்தார். யாருடைய பிழை என்று யாரும் கேட்கவில்லை. இது எப்படி நேர்ந்தது என்றுதான் மார்கரெட் கேட்டார். அந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. நான் அதற்குள் புகுந்துகொண்டேன்.

எங்கள் கோயில் வாசலில் இரண்டு காவலர்கள் நிற்பார்கள் என்று ஆரம்பித்தேன். ஒருவர் மற்றவருக்குக் கண்ணாடி. ஒருவர் வலது காலை மடக்கினால் மற்றவர் இடது காலை. இதை வார்த்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெய்வங்களை வார்க்கிறவர்கள். காவல் காக்கும் எதையும் அவர்கள் ஒற்றையாகச் செய்வதில்லை; ஒற்றையாக நிற்பது குறை. வாளும் காவல்தானே, அதனால் அதற்கும் ஒரு துணை வார்த்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துப் பழக்கம், கை தானாகச் செய்துவிடுகிறது.

என் குரல் இனிப்பது எனக்கே கேட்டது. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எவ்வளவு அழகு!" என்றார்.

நடந்தது வேறு. கும்பகோணத்துக்கு ஃபேக்ஸ் மெஷின் வந்த புதிது. மார்கரெட் கடிதத்தோடு அனுப்பிய படத்தை எடுத்துக்கொண்டு செல்வராஜின் கொட்டகைக்குப் போனேன். அவர் தரையில் குந்தி, படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"சார், காவல் எல்லாம் ஒரு பக்கமா இருக்கே. எல்லாத்தையும் இதே பக்கமா வாக்குறதா, இல்ல துவாரபாலகருக்குப் பண்றாப்ல எதிரும் புதிருமா ஜோடியா வாக்கணுமா?"

எனக்கு அன்று சாயங்காலம் ஒரு கவியரங்கம். பேருந்தின் ஹாரன் கேட்டது. சுவரில் குறுக்காக மாட்டிய இரண்டு வாள்கள் மனதுக்குள் வந்தன, அவ்வளவுதான்.

"ஜோடியாவே வாத்துடுங்க செல்வராஜ். அழகா இருக்கும்."

"லெட்டர்ல ஏதாச்சும் போட்டிருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்களேன்."

"பாத்துட்டேன்" என்றேன். முதல் பக்கத்தைப் பார்த்திருந்தேன். இரண்டாம் பக்கம் என் பையில், மாணவர்களின் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே. இங்கே வந்து அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி, தங்கியிருந்த அறையில் அதே பையைக் கொட்டித் தேடினேன். இருந்தது. 'எல்லாமே வலது கைக்கு. இடது கைக்கு வேண்டுமென்றால் தனியாக எழுதுகிறோம்.' நல்ல தெளிவான கையெழுத்து.

சனிக்கிழமை திருவிழா. சாதாரண மனநிலையில் இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பியிருப்பேன். வாசலிலேயே ஒரு காவலன் நீளக்கோலோடு நின்றான். அந்த ராணி காலத்தில் இளவட்டங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாளை நீளமாக்கிக்கொண்டே போனார்களாம். தெருவில் திரும்பினால் பின்னால் வருகிறவன் முழங்காலில் இடிக்கும். கடைசியில் அரசாணை: நகர வாயிலில் ஆள் நின்று அளப்பான்; அளவுக்கு மேல் இருந்தால் ஒடிப்பான். கழுத்துப்பட்டிக்கும் அதே கதி. பல் டாக்டரின் கழுத்துப்பட்டியை அளந்து, கத்தரியைக் காட்டி மிரட்டினார்கள். கூட்டம் விசில் அடித்தது.

வில் பயிற்சி ஒரு பக்கம். ஊரில் ஆண்பிள்ளையாகப் பிறந்தவன் வில் வைத்திருக்க வேண்டும், ஓய்வு நாளில் எய்து பழக வேண்டும் என்று சட்டம் இருந்ததாம். அதற்காகவே உழைக்கிறவர்களுக்குப் பந்துருட்டல், தாயம், சீட்டு எல்லாம் தடை. கிறிஸ்துமஸ் நாட்களில் மட்டும் அனுமதி. ராணிக்கு வேண்டியது போர்வீரன், ஜனங்களுக்கு வேண்டியது பந்து. ஜனங்கள் பந்துதான் ஆடியிருக்கிறார்கள் என்று வில் வைத்திருந்தவர் கண் சிமிட்டினார். பக்கத்தில் மரப்பலகையில் மூன்று சதுரங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கீறி, காய் நகர்த்தினார்கள். நம் கோயில் மண்டபத் தரையில் அதே கோடுகளைப் பார்த்திருக்கிறேன். யார் யாரிடம் கற்றது என்று கேட்க வாய் வந்தது. மூடிக்கொண்டேன். என் வாய்மீது எனக்கே பயம் வந்துவிட்டிருந்தது.

கரடியைத் தூணில் கட்டி நாய்களை ஏவிவிட்டுப் பார்ப்பது அப்போது பெரிய கேளிக்கை. ராணியே போய்ப் பார்ப்பாராம். இப்போது கரடித்தோல் போர்த்திய ஒரு பருத்த மனிதர். குழந்தைகள் நான்கு காலில் ஓடிவந்து குரைத்தார்கள். ஒரு சிறுமி நிஜமாகவே கடித்துவிட்டாள். கரடி ஆங்கிலத்தில் மிக நாகரிகமாக, "அம்மாக்கள் தயவுசெய்து வரவும்" என்றது.

மதியம் மேடையில் வாள்வீச்சு. வித்தையில் மேல்நிலைக்குப் போக விரும்புகிறவன் ஊர் பார்க்கும்படி, ஆசான்கள் ஒவ்வொருவரோடும், வெவ்வேறு ஆயுதத்தால் பொருத வேண்டும். நீள வாள், கம்பு, வாளும் கேடயமும், வலது கையில் ரேப்பியர் இடது கையில் குறுங்கத்தி. அரங்கேற்றம்தான், மிருதங்கத்துக்குப் பதில் விலா எலும்பு. செல்வராஜின் வலக்கைப் பிடிகளில் நான்கு அன்று காலையில்தான் அலகு பொருத்தப்பட்டு மேடை ஏறின. ஓர் இளைஞனின் புறங்கையைத் தேடி முனை வந்தது. பித்தளைக் கம்பியில் பட்டு வழுக்கியது. அந்த ஓசை. கொட்டகையில் செல்வராஜ் வார்ப்பைச் சுண்டிப் பார்ப்பாரே, அதே ஓசை. மார்கரெட் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நான் சிரித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் சத்தமாக இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இடக்கைக்காரர்கள் இருவரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பத்தையும் பச்சைத் துணி விரித்த மேசைமேல் காட்சிக்கு வைத்திருந்தார்கள். முன்னால் ஓர் அட்டை, பல் டாக்டரின் அழகான கையெழுத்தில்: 'தென்னிந்தியாவின் பரம்பரைத் தெய்வச் சிற்பிகள் வார்த்தவை. எதையும் ஒற்றையாகச் செய்யாதது அவர்களின் ஆயிரமாண்டு மரபு.' வந்தவர்கள் நின்று படித்தார்கள். என்னிடம் விவரம் கேட்டார்கள். சொன்னேன். நாலாவது முறை சொல்லும்போது செல்வராஜுக்கு ஒரு கொள்ளுத்தாத்தாவும் வந்துவிட்டார், சோழ ராஜாவிடம் பரிசு வாங்கியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹபீப் பாய் என்னைத் திரும்ப அழைத்துப்போக வண்டியோடு வந்தார். கரடியைப் பார்த்துச் சிரித்தார், பன்றிக்கறிக் கடையைச் சுற்றிக்கொண்டு நடந்தார், மேசைக்கு வந்து அட்டையைப் படித்தார்.

"யாரு வாத்தியாரே பரம்பரைத் தெய்வச் சிற்பி?"

"செல்வராஜ்தான்."

"நம்ம செல்வராஜா? அவங்க அப்பாரு எங்க வயல்ல அறுத்தவருய்யா! நான் சின்னப்புள்ளையா வரப்புல உக்காந்து பாத்திருக்கேன்." விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா விட்டீங்க. வெள்ளக்காரன் காதுல பூவு, பூவுல நாரு."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்தினார். நடந்ததை எல்லாம் சொன்னேன், இரண்டாம் பக்கம் உட்பட. அவர் ஒரு பிடியை எடுத்து இடது கையில் மாட்டி, கழற்றி, திரும்ப வைத்தார்.

"பரம்பரை இல்லேன்னுதானே வாத்தியாரே அவனுக்கு அங்க ஒருத்தனும் வேல குடுக்கல. இங்க வந்து அதையே எழுதிப் போட்டிருக்கீங்க."

நான் அட்டையை இன்னொரு முறை படித்தேன்.

"போய் அந்தம்மாட்ட சொல்லுங்க. இப்பவே."

"கடைசிப் போட்டி முடியட்டும் பாய். வேலையா இருக்காங்க."

"சொல்றதுக்கு எவ்வளவு நேரமாகும்? ரெண்டு நிமிஷம்."

அந்த இரண்டு நிமிஷத்தை சாயங்காலம் வரை தள்ளினேன். நல்ல தருணம் தேடினேன், நல்ல வாக்கியம் தேடினேன். கூடாரங்கள் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் மார்கரெட் தனியாகக் கிடைத்தார். வாள்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பிழை பட்டறையில் இல்லை, என்னிடம். செல்வராஜ் கேட்டார், நான் படிக்காமல் பதில் சொன்னேன். மரபு, தலைமுறை எல்லாம் நான் கட்டியது.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "அடுத்த ஆர்டரைச் செக் நாட்டுப் பட்டறை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபேக்ஸ் போய்விட்டது."

"பிடிகள் நன்றாக இல்லையா?"

"நான் பார்த்ததிலேயே இவைதான் சிறந்தவை. கமிட்டியில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒற்றையாகச் செய்வது அவர்களுக்குக் குறை என்றீர்கள். ஆயிரம் வருஷம் என்றீர்கள். எங்கள் விளையாட்டுக்காக உங்கள் மரபை மாற்றிக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது? அதைவிட அநாகரிகம் உண்டா?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். "'நான் படிக்கவில்லை' என்று வெள்ளிக்கிழமை நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால், இன்னும் பன்னிரண்டு வலக்கைப் பிடி செய்து அனுப்பச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

பல் டாக்டரின் வீட்டுக்குப் போன் செய்து பார்த்தார். செக் நாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டு பதில் அனுப்பிவிட்டார்கள். கொடுத்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார் பல் டாக்டர். நல்ல மனிதர்.

திரும்பி வரும்போது ஹபீப் பாய் பாட்டு கேசட்டைப் போட்டார், கொஞ்ச தூரத்தில் அவரே நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை அவர் கடைத் தொலைபேசியில் ஊரைக் கூப்பிட்டேன். செல்வராஜின் ஊரில் மருந்துக் கடையில்தான் போன். நாங்கள் சொல்லி வைத்திருந்த நேரம். அவர் முன்பே வந்து காத்திருந்தார்.

"சார்! கையில நல்லா உக்காந்துச்சா சார்?"

எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை சந்து தேடவில்லை. லைனில் கரகரப்பு. கடைக்காரர் யாருக்கோ இருமல் மருந்தை எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று சொல்வது கேட்டது.

"நான் இன்னொரு தடவ கேட்டிருக்கணும் சார்" என்றார் செல்வராஜ்.

"இல்ல செல்வராஜ். நீங்க கேட்டீங்க. ரெண்டு தடவ கேட்டீங்க."

"பரம்பரைன்னா சொன்னீங்க?" சிரித்தார். "எங்கப்பா இருந்திருந்தா இதக் கேட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஆடியிருப்பாரு." பிறகு, "சண்ட போட்டப்போ கம்பி வளைஞ்சுச்சா?"

"இல்ல. ஒண்ணுகூட இல்ல."

"அது போதும் சார். அந்த பம்பாய் ஏஜென்ட்டு நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல? வர்றேன்னு சொல்லிடுங்க. அவரு இந்தியும் இங்கிலீசும்தான் பேசுறாரு."

போனை வைத்தேன். பம்பாய்க்குப் போட்டேன். ஏஜென்ட் அவசரக்காரர். பெயர், பாஸ்போர்ட் எல்லாம் சரி, என்ன வேலை தெரியும் என்றார். வெண்கலம், பித்தளை வார்ப்பு என்றேன். "அப்படி ஒரு வேலை என் பட்டியலில் இல்லை. ஹெல்பர் என்று போட்டுவிடுகிறேன். சரியா? சொல்லுங்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்."

சரி என்று சொல்ல நாக்கு எழுந்தது. பக்கத்தில் நின்ற ஹபீப் பாய் கையை ஆட்டினார். "ஹெல்பர்னு முத்திர விழுந்துட்டா அப்புறம் மாத்தவே விடமாட்டான். நாலு வருஷம் நான் ஹெல்பர். சிமெண்டு மூட்ட."

"அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

"நீங்கள்தானே அவருக்காகப் பேசுகிறீர்கள்?"

"பேசுகிறேன். கேட்டுவிட்டுப் பேசுகிறேன்."

மறுபடி மருந்துக் கடை. போயிருப்பாரே என்று பயந்தேன். "இன்னும் போகல சார். வெளியில நின்னுக்கிட்டிருக்காரு" என்றார் கடைக்காரர். செருப்புச் சத்தம் வந்தது.

ஏஜென்ட் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹெல்பர் என்று எழுதினால் மாற்ற முடியாது என்று பாய் சொன்னதையும் சொன்னேன். வேண்டாமென்றால் வேண்டாம், யோசித்து இரண்டு நாளில் சொல்லலாம், மாதம் முடிய நாள் இருக்கிறது என்றேன்.

அவர் யோசித்தார். இவ்வளவு நேரம் அவர் யோசிக்க நான் என்றைக்காவது விட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை.

"ஹெல்பர்னே போடச் சொல்லுங்க சார்."

"செல்வராஜ், இன்னொரு தடவ..."

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன். ஹெல்பர்."

பம்பாயைக் கூப்பிட்டேன். அவர் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை.